சங்கிலியைப் பிடித்து நின்றவன்

கோஸ்போர்ட் படகில் போய்வந்தவர்களுக்கு வில்ஃப் பெங்கெல்லியின் முகம் தெரிந்திருக்கும், பேர் தெரிந்திருக்காது. படகு துறையை விட்டு விலகுவதற்கு முன் நடைபாலத்துக்குக் குறுக்கே ஒரு சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவான். அக்கரையில், போர்ட்ஸ்மத்தில், அதைக் கழற்றுவான். நடுவில் சில நிமிடம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மழையோ வெயிலோ, பத்தொன்பது வருடம் அதுதான் அவன் வேலை.

போன மாதம் செத்துப்போனான். உள்ளூர்ப் பத்திரிகை இரண்டு வரி போட்டது. பேர், வயது, படகு ஊழியர், மணமாகாதவர். அவ்வளவுதான். படித்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மனுஷனை இரண்டு வரியில் மடித்து வைத்துவிட்டார்களே என்று மேசையில் ஓங்கிக் குத்தினேன். டீ சிந்தியது. அப்புறம் யோசித்தேன், பத்திரிகைக்காரனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவனாவது பொய் எழுதவில்லை. வில்ஃபைப் பற்றி வாய்கூசாமல் பொய் சொன்னவன் நான். அதுவும் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, விறைப்பாக நின்று சொன்னவன்.

சொல்கிறேன். முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

நானும் வில்ஃபும் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரே கப்பலில் இருந்தோம். 'கேரகல்' என்று பேர். எங்கள் வகைக் கப்பல்களுக்கெல்லாம் காட்டுப் பூனைகளின் பேர்தான் வைத்திருந்தார்கள். கேரகல் என்பது காதில் குஞ்சம் வைத்த ஒரு பூனையாம், நான் பார்த்ததில்லை. சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது பக்கத்திலேயே போய், வானத்திலிருந்து வரும் விமானங்களைச் சுட்டு விரட்டுவதற்கென்றே போருக்குப் பிறகு கட்டிய கப்பல்கள் அவை. முன்னால் இரட்டைப் பீரங்கி, பின்னால் இரட்டைப் பீரங்கி. நீராவி கிடையாது, எல்லாம் டீசல். புகைபோக்கிகூடக் கிடையாது. புகை பாய்மரக் கம்பம் வழியாகவே போகும். எங்கள் சட்டை, போர்வை, ரொட்டி எல்லாவற்றிலும் டீசல் நாறும். நான் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் என் மனைவி மேவிஸ் வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வாள்.

ஒரு சின்னச் சிக்கல். அந்தக் கப்பல்களைக் கட்டி முடித்துக் கடலில் இறக்குவதற்குள் விமானங்கள் எங்கள் பீரங்கிகள் திரும்புகிற வேகத்துக்கெல்லாம் காத்திருக்காத காலம் வந்துவிட்டது. ஆகவே கேரகல் தன் ஆயுளில் எந்த எதிரி விமானத்தையும் தொடவில்லை. அது தொட்ட ஒரே விமானம் நம்முடையது. அந்தக் கதைதான் இது.

வில்ஃபின் அப்பா அமோஸ் பெங்கெல்லி கார்ன்வாலிலிருந்து வந்தவர். கோஸ்போர்ட்டில் படகுப் பட்டறை ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்ட் சிற்றாலயத்தில் பிரசங்கம். சாராயம் என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாத மனிதர். வில்ஃபுக்குப் பத்து வயதானபோது, மதுவைத் தொடமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். தங்கை ஈனிட்டுக்கும் அதேபோல் ஒன்று. தாய் இல்லாத பிள்ளைகள்.

அப்படிப்பட்டவன் வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள்! கடற்படையில் அப்போதெல்லாம் தினமும் நண்பகலில் ஆளுக்கு ஓர் அளவு ரம் உண்டு. அரசாங்கமே ஊற்றிக் கொடுக்கும். வேண்டாம் என்பவன் பேருக்கு எதிரே பதிவேட்டில் குடியாதவன் என்று குறித்து, அதற்குப் பதிலாகச் சில்லறை கொடுப்பார்கள். எங்கள் மெஸ்ஸில், அதாவது ஒரே அறையில் தின்று தூங்கும் எங்கள் கூட்டத்தில், அந்தக் குறி வாங்கிய ஒரே ஆள் வில்ஃப். அவனுக்கு நாங்கள் வைத்த பேர் பாதிரி.

மெஸ்ஸுக்குத் தலைவன் நான். ரம்மைத் தகரக் கெட்டிலில் வாங்கிவந்து ஆளாளுக்கு அளந்து ஊற்றுவதும் நான்தான். தன் பங்கை இன்னொருவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கொடுக்காமல் ஒரு நாளும் நகராது என்பது நடைமுறை. காவல் மாற்றிக்கொண்டால் ஒரு வாய், சட்டை தைத்துக் கொடுத்தால் ஒரு வாய், பிறந்தநாள் வந்தால் மெஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு வாய். எல்லாருக்கும் ஊற்றியபின் கெட்டிலின் அடியில் மிஞ்சுவது ராணியின் பங்கு என்று பேர். ராணி வந்து குடிக்கப் போவதில்லை. யாருக்கு என்று நான்தான் சொல்வேன். அளக்கும்போது கட்டைவிரலைக் கிண்ணத்துக்குள் விட்டு அளப்பேன், அதனால் ராணிக்கு எப்போதும் தாராளமாக மிஞ்சும்.

1960 ஆகஸ்டில் வில்ஃபுக்கு இருபத்தைந்தாவது பிறந்தநாள் வந்தது. போர்ட்லண்டு துறைமுகத்துக்கு வெளியே பயிற்சியில் இருந்தோம். ஈனிட் குங்குமப்பூ கேக் சுட்டுத் தபாலில் அனுப்பியிருந்தாள். காலையில் சுடும் பயிற்சி இருந்தது. மேகம் தாழ்ந்து கிடந்ததால் ரத்து என்றார்கள். இன்றைக்கு இனி வேலையில்லை என்று எல்லாரும் கால் நீட்டிக்கொண்டோம். மணி அடித்தது, நான் கெட்டிலோடு வந்தேன்.

"என்னடா பாதிரி, இருபத்தஞ்சு ஆயிருச்சு, இன்னும் எலுமிச்சைச் சாறுதானா?" என்றான் நாபி. நாபி எங்கள் மெஸ்ஸின் பெரிய உடம்பு, பெரிய வாய்.

வில்ஃப் சிரித்தான்.

"சிரிச்சா ஆச்சா? வாய்ல என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்லுடா."

"எங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் நாபி. கேக்கைத் தின்னு, ஆள விடு."

அதோடு விட்டிருப்பார்கள். நாபி நாய்க்குட்டி மாதிரி, குரைப்பான், படுத்துக்கொள்வான். நான்தான் விடவில்லை. மெஸ் தலைவன் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு என்று தெரிந்தே சொன்னேன்.

"உங்கப்பா கோஸ்போர்ட்ல இருக்கார். நீ நடுக்கடல்ல இருக்கே. அவ்வளவு தூரத்துக்கு வாக்கு எட்டாதுடா வில்ஃப். ரெண்டு வருஷமா எங்களோட தின்னு, எங்களோட தூங்குறே. எங்க கையால ஒரு வாய் வாங்க மாட்டே, அப்படித்தானே? நாங்க அவ்வளவு கேவலமா?"

அவன் முகம் மாறியது. கேவலம் என்ற வார்த்தை அவனைக் குத்தியது. அவன் யாரையும் அப்படி நினைத்ததில்லை, அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைப் பொறுக்கி எடுத்தேன்.

"ஒரே ஒரு வாய் லென். உனக்காக," என்றான்.

ஒன்று எட்டாயிற்று. எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வாய். அப்புறம் நான் கெட்டிலைத் தூக்கி ராணியின் பங்கை முழுக்க அவன் கிண்ணத்தில் சாய்த்தேன். பிறந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தொடாதவனுக்கு! எல்லாரும் மேசையைத் தட்டிப் பாடினோம். அவன் பெஞ்சின் மேல் ஏறி நின்று, கடற்பறவைகளுக்கு அப்பா பிரசங்கம் செய்வது போல நடித்துக் காட்டினான். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிப் போயிற்று. அவனுக்குள் இப்படி ஓர் ஆள் இருக்கிறான் என்று யாருக்கும் அதுவரை தெரியாது.

இரண்டு மணிக்கு மேகம் கலைந்தது. விமானம் கிளம்பிவிட்டது, பீரங்கிக்காரர்கள் அவரவர் இடத்துக்கு என்று ஒலிபெருக்கி கத்தியது.

அந்தப் பயிற்சியில் ஒரு விமானம் நீளமான கம்பியில் துணிக்குழாய் ஒன்றை இழுத்துக்கொண்டு பறக்கும். ரேடார் அந்தத் துணியைப் பிடித்துக் காட்ட, பீரங்கி அதைச் சுடவேண்டும். ரேடார் சில சமயம் துணியை விட்டுக் கம்பியோடு ஊர்ந்துபோய் விமானத்தையே பிடித்துக்கொள்ளும். அதற்காகப் பீரங்கியோடு சேர்ந்து திரும்பும் ஒரு தொலைநோக்கியில் கண்ணை வைத்து ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். துணிக்குப் பதில் விமானம் தெரிந்தால் "நிறுத்து!" என்று கத்தவேண்டியது அவன் வேலை. எங்கள் பின்பீரங்கியில் அந்த ஆள் வில்ஃப். அவனைத் தேர்ந்தெடுத்த அதிகாரி காரணமும் சொல்லியிருந்தார்: மத்தியானத்துக்குப் பிறகும் நிதானமாக இருக்கும் ஒரே ஆள் இவன்தான் என்று.

ஏணிப்படியருகில் வில்ஃப் என் கையைப் பிடித்தான்.

"லென், எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. உடம்பு சரியில்லன்னு சொல்லிடேன். வேற யாரையாவது உக்கார வைக்கட்டும்."

ஒரு வார்த்தை. அதிகாரியிடம் போய் வில்ஃபுக்கு உடம்பு சரியில்லை என்ற ஒரு வார்த்தை. ஆனால் மருத்துவ அறைக்குப் போனால் வாயை மோந்து பார்ப்பார்கள். யார் கொடுத்தது என்று கேட்பார்கள். எனக்குப் பதவி உயர்வுக் காகிதம் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது.

"ஸ்ட்ராங்கா டீ ஒண்ணு குடிச்சிட்டுப் போ. அரைமணி நேர வேலை. உன் ஒருத்தனால எட்டுப் பேர் மாட்டணுமா?" என்றேன்.

அவன் போனான். நான் சொன்னால் போவான்.

அப்புறம் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். பின்பீரங்கி நாலு முறை முழங்கியது. அப்புறம் வில்ஃபின் குரல், "நிறுத்து! நிறுத்து!" என்று. மூன்று நொடி தாமதம் என்று விசாரணையில் கணக்குச் சொன்னார்கள். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒரு குண்டு வெடித்தது. விமானி எப்படியோ கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். பின்னால் கம்பி சுற்றும் இயந்திரத்தருகே இருந்த ட்ரெவர் பாஸ்கோவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

மறுநாள் விசாரணை. வில்ஃபின் மூச்சில் ரம் வாடை இருந்ததை முதல் நாளே அதிகாரி கவனித்துவிட்டார். பதிவேட்டிலோ குடியாதவன் என்று இருக்கிறது. அப்படியானால் ரம் எங்கிருந்து வந்தது?

வில்ஃப் நேராக நின்றான். ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தான்.

"திருடினேன் சார்," என்றான். "கெட்டில்ல மிச்சம் இருந்ததை, யாரும் பாக்காதப்ப."

கப்பலில் குடிகாரனை மன்னிப்பார்கள், தூங்குமூஞ்சியை மன்னிப்பார்கள், கூட இருப்பவனிடம் திருடியவனை மன்னிக்கவே மாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னான். கொடுத்தார்கள் என்றால் எட்டுப் பேரும் போவோம், திருடினேன் என்றால் அவன் ஒருத்தன் மட்டும்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "கெட்டில் உன் பொறுப்பு. மிச்சம் குறைஞ்சிருந்ததா?"

யாரும் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா நின்றிருக்கலாம். தெரியாது சார் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "குறைஞ்சிருந்துச்சு சார். யார்னு தெரியாம இருந்துச்சு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்றைக்கு என் பாவத்தைத் தூக்கி அவன் தலையில் வைத்து, விழாமல் இருக்கக் கயிறும் கட்டிவிட்டேன்.

தொண்ணூறு நாள் காவல், அப்புறம் வேலை நீக்கம். அவன் கப்பலை விட்டு இறங்கும்போது மற்ற மெஸ்காரர்கள் வரிசையாக நின்று உஸ்ஸென்று சீறினார்கள். எவனோ அவன் தொப்பியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தான். மூட்டையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அந்த மட்டுக்கும் எனக்கு நல்ல மனசு!

பாலத்தருகில் மூட்டையை வாங்கிக்கொண்டான். "வருத்தப்படாத லென். அந்த ஒரு மணி நேரம் நல்லா இருந்துச்சுடா. எனக்காக யாரும் அப்படிப் பாடினதில்ல," என்றான்.

குத்தலாகச் சொன்னான் என்று நினைத்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்குக் குத்தத் தெரியாது.

எனக்குப் பதவி உயர்வு ஆறே மாதத்தில் வந்தது.

1963இல் ஏணியிலிருந்து விழுந்து முட்டி உடைந்து, படையிலிருந்து வெளியே வந்தேன். போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் சாமான் கிடங்கு வேலை கிடைத்தது. வீடு கோஸ்போர்ட்டில். முதல் நாள் காலை ஏழு மணிப் படகுக்கு நொண்டிக்கொண்டு இறங்குகிறேன், சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு வில்ஃப் நிற்கிறான். அந்த நொடி கடலில் குதித்து நீந்திப் போய்விடலாமா என்றிருந்தது.

"வா லென். படி வழுக்கும், பாத்து," என்றான்.

அன்றிலிருந்து பதினொரு வருடம், வேலை நாள் ஒவ்வொன்றும், அதே வார்த்தை. எல்லாரும் ஏறிய பிறகும் எனக்காகச் சங்கிலியை இரண்டு மூச்சு நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். நான் ஏறியபின்னும் உடனே மாட்டமாட்டான். என்னைப் பார்ப்பான். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். அப்புறம்தான் கொக்கியில் சங்கிலி விழும் சத்தம் கேட்கும்.

ஒருநாள் மேவிஸ் கூட வந்தாள். "ஏங்க, அந்தப் படகுக்காரரு உங்களைக் கண்டா மட்டும் ஏன் அப்படிக் காத்துட்டு நிக்கிறாரு?" என்று கேட்டாள்.

"என் முட்டி அவனுக்குத் தெரியும். நல்ல பையன்," என்றேன். அப்படித்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மேவிஸுக்குத் தெரிந்த ஒருத்தி அமோஸின் ஆலயத்துக்குப் போகிறவள். அவள் ஊரைவிட்டுப் போகும்வரை அவள் வாய்வழியாக எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. குடித்தான் என்பதற்காகக்கூட இல்லை, திருடினான் என்பதற்காக வில்ஃபின் பேரைச் சபைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையைத் திருத்தாதவன் எங்களுக்குப் பிரசங்கம் செய்வதா என்று யாரோ முணுமுணுக்க, அமோஸ் அன்றோடு மேடை ஏறுவதை நிறுத்திவிட்டார். என் மகன் குடித்தான், ஆனால் திருடவில்லை என்று பெரியவர்களிடம் சொல்லிப் பார்த்தாராம். "அவனே ஒத்துக்கிட்டான், மெஸ் தலைவனும் சாட்சி சொல்லியிருக்கான். கூட இருந்தவன் ஒருத்தன் வந்து மாத்திச் சொல்லட்டும், மறுநாளே பேரை எழுதறோம்," என்றார்களாம்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒரு மனிதனின் பேரும் அவன் அப்பாவின் மேடையும் என் வாயில் இருந்தன. வாயைத் திறந்தால் போதும். ஆனால் எனக்கு ஓய்வூதியம் இருந்தது, கிடங்கில் மதிப்பு இருந்தது, நேர்மையான ஆள் என்று சாவியைக் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். தள்ளத் தள்ள வாய் இன்னும் இறுகிப்போனது.

ஒரு தடவை துணிந்தேன். "வில்ஃப், ஒரு விஷயம்," என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவன் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினான். சங்கிலி கையிலேயே இருந்தது. "சொல்லு லென்."

"உன் ஷூ கயிறு அவுந்திருக்கு," என்றேன்.

அவிழ்ந்திருக்கவில்லை. அவன் குனிந்து பார்த்துவிட்டு, இருந்த முடிச்சையே அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டான். "ஆமா லென், நன்றி," என்றான். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

1974 அக்டோபரில் ஒரு காலை, படகு நடுத்துறையில் நின்றுவிட்டது. பெரிய கப்பல் ஒன்றுக்கு வழிவிடச் சொல்லியிருந்தார்கள். மேல்தட்டுக்கு வந்து பார்த்தேன். கேரகல். பீரங்கிகளைக் கழற்றிவிட்டார்கள், உடம்பெல்லாம் துரு. ஓர் இழுவைப் படகு அதை உடைக்கும் இடத்துக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தது.

வில்ஃப் வந்து பக்கத்தில் நின்றான். "போகுது பாரு, நம்ம பூனை."

"ஒரு விமானத்தக்கூடச் சுடாத பூனை," என்றேன். வாயில் வந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும்.

"ஒண்ணு சுட்டுச்சே," என்றான் அமைதியாக. அப்புறம் சொன்னான், "ட்ரெவர் பாஸ்கோ ட்ரூரோல தபால் ஆபீஸ்ல இருக்கான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நான் ஒரு கார்டு போடுவேன். அவனும் போடுவான்."

நான் என்ன பேசவேண்டும் என்று எனக்குத் தெரியும். கப்பலின் பின்பக்கம் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது, அவன் உட்கார்ந்திருந்த இடம் காலியாக. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அப்பா போன ஜனவரில தவறிட்டார்," என்றான் வில்ஃப்.

"ஐயோ, எனக்குத் தெரியாதே வில்ஃப்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். படகு கிளம்பியது. அவன் சங்கிலியிடம் போனான்.

அன்று மாலை நான் வீட்டுக்குப் போகவில்லை. விசாரித்துக்கொண்டு பெங்கெல்லி வீட்டுக் கதவைத் தட்டினேன். ஈனிட் திறந்தாள். மாவு படிந்த கை. வில்ஃப் மாலை முறையில் படகில் இருந்தான்.

"நீங்க லென் தானே?" என்றாள். "முட்டியைப் பாத்தே தெரியுது. அண்ணன் சொல்லியிருக்கார்."

உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை, நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கேவலம் என்ற வார்த்தை, ராணியின் பங்கு, ஏணிப்படி, விசாரணை. முடித்ததும் கையிலிருந்த மாவை ஏப்ரனில் துடைத்தாள்.

"எங்களுக்குத் தெரியுமே," என்றாள். "காவல்லேருந்து வந்த அன்னிக்கே அண்ணன் அப்பாகிட்ட சொல்லிட்டார். யார் குடுத்தான்னு மட்டும் சொல்லல. அப்பா நம்பினார். ஆனா சபைக்கு இன்னொரு வாய் வேணுமே. நீங்க போய் லென்கிட்டக் கேளுங்கன்னு நான் எத்தனையோ தடவ சண்ட போட்டேன். கேட்டு வாங்கினா அது சாட்சி இல்ல ஈனிட், அவனா சொல்லணும்னுட்டார் அப்பா."

ஈனிட் அடுப்பருகே இருந்த நாற்காலியைக் காட்டினாள்.

"தினம் சாயங்காலம் அப்பா அந்த நாற்காலில உக்காந்துகிட்டுக் கேப்பார், 'இன்னிக்காவது லென் ஏதாச்சும் சொன்னானாடா?' அண்ணன் சொல்வார், 'இல்லப்பா, இன்னிக்கு அவசரமாப் போயிட்டான். நாளைக்குச் சங்கிலிய இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.' பதினோரு வருஷம். ஒருநாள் மட்டும் ஓடி வந்தார். 'அப்பா, இன்னிக்கு ஆரம்பிச்சான், பாதில நிறுத்திட்டான்'னு. அப்பா அன்னிக்கு ராத்திரி நல்லாச் சாப்பிட்டார்."

என் முட்டிக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனேன். நாற்பது பேர் இருப்பார்கள். வில்ஃப் வரவில்லை, அவனுக்கு ஞாயிறும் படகு உண்டு. எழுந்து நின்று சொன்னேன்: கெட்டிலைச் சாய்த்தவன் நான், வில்ஃப் பெங்கெல்லி ஒரு சொட்டும் திருடவில்லை, நான் அதிகாரி முன்னால் சொன்னது பொய். குரல் நடுங்கவில்லை. அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

காறித் துப்புவார்கள், வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் போனேன். நடந்தது என்ன தெரியுமா? வெள்ளை மீசைப் பெரியவர் ஒருத்தர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இத்தன வருஷம் கழிச்சு வந்து சொல்றதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணும்!" என்றார். டீ கொடுத்தார்கள். ஒரு கிழவி என் தட்டில் இரண்டாவது பிஸ்கட்டை வைத்தாள். பதிவேட்டைக் கொண்டுவந்து என் கண்ணெதிரே வில்ஃபின் பேரை எழுதினார்கள். திருடன் வீட்டுக்கே வந்து சாமானைத் திருப்பிக் கொடுத்தால் அவனுக்கே மாலை போடுவது போலிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று நின்றேன். அந்த பிஸ்கட்டையும் தின்றேன்.

திங்கள் காலை. வில்ஃப் சங்கிலியோடு நின்றான்.

"நேத்து நல்லாப் பேசினியாமே. ஈனிட் சொன்னா," என்றான்.

"பேரை எழுதிட்டாங்க வில்ஃப். நான் பாத்தேன்."

"ம். எழுதிட்டாங்க." சங்கிலியின் ஒரு கண்ணியை விரலால் தேய்த்தான். "ராத்திரி வேலை முடிஞ்சு, அப்பாகிட்டச் சொல்லணும்னு வேக வேகமா நடந்து வீட்டுக்குப் போயிட்டேன் லென். கதவத் திறந்து நாற்காலியப் பாத்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

நான் மன்னிச்சிடு என்றேன். படகு விசில் ஊதிய சத்தத்தில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ. இன்னொரு தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல நொண்டிக்கொண்டு இறங்கினேன். பாலத்தில் நான் பாதி வழி வரும்போது மணி ஏழு. வில்ஃப் நிமிர்ந்து பார்த்தான். கோபமில்லை, ஒன்றுமில்லை, யாரோ ஒரு பயணியைப் பார்க்கிற பார்வை. சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான். படகு நகர்ந்தது.

"அடுத்தது பதினஞ்சு நிமிஷத்துல வந்துரும்," என்று தண்ணீருக்கு மேலே குரல் கொடுத்தான். "படி வழுக்கும், பாத்து."

அதற்கப்புறம் அவன் அந்த வேலையை விடும்வரை நான் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினேன்.